மாதிரிகளைக் கெடாமல் சேர்ப்பித்த எல்லாருக்கும்

வணக்கம்.

யாழ்ப்பாணத்து மாடுகளின் தோல் கழலை நோய், நாய்களின் தொற்றுப் பாலுறுப்புப் புற்று: இந்த இரண்டையும் ஆராயும் எங்கள் வேலைக்குக் கைகொடுத்தவர்களுக்கு இம்மடல்.

முதல் நன்றி மாட்டுக்காரருக்கு. சனம் பெரியம்மை என்று சொல்லும் கழலை நோய் 2020இல் வடக்கில் தலைகாட்டியது. மனிதருக்குத் தொற்றாது என்றாலும், வருத்தம் வந்த வீட்டுப் பால் விலைப்படாது. அது தெரிந்தும் பட்டியைத் திறந்துவிட்டீர்கள். மாட்டின் தோலிலிருந்து உதிர்ந்த பொருக்குகளைக் கூட்டி எறியாமல் வைத்ததுதான் பெரிய உதவி. காய்ந்த பொருக்கில் வைரஸ் ஒரு மாதத்துக்கு மேலும் கிடக்கும். ஆகவே மாட்டை வெட்டாமலே, வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பீசீஆர் பரிசோதனைக்கு மாதிரி கிடைத்தது. அதை உலர்ந்த சுத்தமான குழாயில் தனியே போட்டீர்கள். தசையை அழுகாமல் பதப்படுத்தும் போமலின் பட்டால் வைரஸின் மரபுப்பொருள் சிதைந்துவிடும்.

நாயின் கட்டிக்கோ போமலின்தான் வேண்டும். பத்து வீதக் கரைசல், தசையைப்போல் பத்து மடங்கு அளவு. துண்டு ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் தடித்தால் வெளிப்புறம் இறுக, நடுப்பகுதி அழுகிவிடும். வாயகன்ற போத்தல் கொண்டுவந்தவர்களுக்குத் தனி நன்றி. ஒடுங்கிய வாய்க்குள் போன தசை இறுகியபின் வெளியே வராது. விபரத்தைப் பென்சிலால் எழுதி உள்ளே போட்டதும் நல்லது. பேனை மை போமலினில் கரைந்து, எந்த நாயின் கட்டியென்றே தெரியாமல் போகும். மூடியில் மட்டும் எழுதினாலும் இதே கதிதான், மூடிகள் மாறும்.

மீனுக்கு உடைத்த ஐஸைத் தந்த ஐஸ் தொழிற்சாலைக்காரருக்கும், குறிகட்டுவான் துறையில் பெட்டிகளை நிழலில் வைத்த படகுக்காரருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். பொருக்கும் இரத்தமும் ஐஸில். போமலின் போத்தல் வெளியே. தசை உறைந்தால் பனிப்பளிங்குகள் கலங்களைக் கிழிக்கும், பிறகு நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பயனில்லை. இதை ஒருமுறை சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். பேராதனை ஆய்வுகூடத்துக்குப் போகும் பெட்டியை வெள்ளிக்கிழமை ஏற்றாமல் திங்களுக்கு நிறுத்திய பஸ்காரரின் புத்தி எங்களுக்கு முதலில் வரவில்லை என்று சொல்ல வெட்கமில்லை. சனி, ஞாயிறு பெட்டி திறக்க ஆளிருக்காது, ஐஸ் கரைந்துவிடும்.

கிழமைக்கொருமுறை வின்கிறிஸ்ரின் என்ற புற்று மருந்து ஊசிக்கு நாயைக் கூட்டிவந்தவர்களுக்கும் நன்றி. கட்டி சுருங்கியதும் நிறுத்தினால் மிஞ்சிய கலங்களிலிருந்து திரும்ப வளரும். ஊசி நாளத்துக்கு வெளியே கசிந்தால் அந்த இடத்துத் தசை அழுகும். ஆகவே நாயின் காலை அசையாமல் பிடித்தவரின் பங்கு மருத்துவரின் பங்குக்குக் குறைந்ததில்லை. இந்தப் புற்றைப் பரப்புவது வைரஸ் அல்ல, புணர்ச்சியின்போது ஒட்டிக்கொள்ளும் புற்றுக் கலங்களே. பெட்டை நாய்க்கு இரத்தம் சொட்டினால் பருவம் என்று விட்டுவிடாமல், நீண்டுகொண்டே போனால் கொண்டுவந்து காட்டுங்கள். ஆண் நாயின் குறி உறையிலிருந்து சொட்டினாலும் அப்படியே.

நன்றியுடன்,
மாதிரி சேகரிப்புக் குழுவினர்
யாழ்ப்பாணம்