பாடம் கேட்டிருந்தாயே

அம்பாசமுத்திரம்,
மார்ச் 2

அன்புள்ள கோமு,

அப்பா எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி உன் வாட்ஸ்அப் வந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு வெஜிடேரியன் சாப்பாட்டுப் பழக்கத்தை வைத்து இங்கிலீஷ் பாடம் எடுக்க வேண்டும், எப்படி ஆரம்பிக்கலாம் என்று இரண்டு வரி. பொங்கலுக்கு வந்து போனதற்கப்புறம் நீ எனக்கென்று எழுதிய முதல் இரண்டு வரி. அம்மாவிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறாய். நான் பக்கத்தில் வந்து நின்றால் உடனே உனக்கு ஏதாவது மீட்டிங் வந்துவிடுகிறது. சரி, வேலை இருக்கும். ஓசூர்ப் பள்ளிக்கூடம் என்றால் சும்மாவா? ஒரே பெஞ்சில் தெலுங்கு, கன்னடம், உருது என்று மூன்று வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்.

போனில் தட்டித் தட்டி எழுத எனக்கு வரவில்லை. நாலு தடவை அடித்து நாலு தடவை அழித்தேன். அடிப்பது உன் பக்கம் தெரியுமாமே, பார்த்திருப்பாய். அதனால்தான் பேப்பர்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கிணற்று மோட்டாரில் மறுபடியும் காயில் போய்விட்டது. பெரியப்பா வந்திருந்தார். சங்கரன்கோவில் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார். பிள்ளைக்கு வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

பாடத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒன்று. பிள்ளைகளிடம் "நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய்" என்று மட்டும் கேட்காதே. நோட்ஸ் ஆஃப் லெசனில் எல்லோரும் அதைத்தான் முதல் கேள்வியாக எழுதுவார்கள். பிள்ளையின் வீட்டிலிருந்து ஆரம்பி என்றுதான் டிரெயினிங்கிலும் சொல்வார்கள். கேட்காதே. காரணம் அப்புறம் சொல்கிறேன்.

காய்ப் பெயர்களில் ஆரம்பி. கத்தரிக்காய்க்கு நாம் சொல்லும் பிரிஞ்சால் போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த வார்த்தை. இங்கிலாந்தில் அது ஆபர்ஜீன், அமெரிக்காவில் எக்பிளான்ட். வெண்டைக்காய் நமக்கு லேடீஸ் ஃபிங்கர், அங்கே ஓக்ரா. நம் கர்ட் அங்கே யோகர்ட். முருங்கைக்காயைக் கடைசிக்கு வைத்துக்கொள். நமக்கு ட்ரம்ஸ்டிக் என்றால் முருங்கைக்காய், அவர்களுக்குக் கோழிக்கால். சாம்பார் நினைப்பில் ஒருவர் லண்டன் ஹோட்டலில் ட்ரம்ஸ்டிக் கேட்டால் தட்டில் என்ன வரும் என்று கேள். தூங்குகிற கடைசி பெஞ்ச்கூட நிமிர்ந்து உட்காரும். என் 33 வருஷ சர்வீஸில் இது ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

கறியையும் விடாதே. நம்மிடமிருந்துதான் அது இங்கிலீஷுக்குப் போனது. ஆச்சி "கறி நறுக்கு" என்றால் அரிவாள்மணையும் வாழைக்காயும்தான். உன் வகுப்பில் பாதிப் பேருக்குக் கறி என்றால் ஞாயிற்றுக்கிழமை. ஒரே வார்த்தை, வீட்டுக்கு வீடு வேறு பொருள். இதை ஒரு பீரியட் முழுக்கப் பேசலாம்.

ஆனால் வெஜிடேரியனுக்குப் பக்கத்தில் போர்டில் 'சைவம்' என்று எழுதாதே. நான் ரிட்டயர் ஆகும்வரை எழுதினேன். இப்போது யோசித்தால், அது ஒரு சமயத்தின் பெயர் அல்லவா? உருது பேசுகிற பிள்ளைக்கு அதை எப்படி விளக்குவாய்? இலங்கைக்காரர்கள் மரக்கறிச் சாப்பாடு என்கிறார்கள், அது எவ்வளவோ தேவலாம். 'நான்-வெஜ்' என்பதும் நம் ஊர்ப் புழக்கம். வெள்ளைக்காரன் பெரும்பாலும் மீட் என்று நேராகச் சொல்லிவிட்டுப் போவான். நாம் சாப்பிடுவதற்கு ஒரு பெயர் வைத்து, அதன் முன்னால் ஒரு 'அ' போட்டு மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். 2014இல் மத்திய அரசு எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் சைவம் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. மீதி 97 பேர்தான் 'அ'. சத்துணவு வரிசையில் போய் நின்று பார். முட்டை வேண்டாம் என்று வாழைப்பழம் வாங்கும் கையை எண்ணு. நான் ரிட்டயர் ஆன வருஷம் என் வகுப்பில் 42 பேருக்கு இரண்டு கை.

வெஜிடேரியன் என்ற வார்த்தைக்கும் ரொம்ப வயசில்லை. வெஜிடேரியன் சொசைட்டி இங்கிலாந்தில் தொடங்கியது 1847. அதற்கு முன்னால் இறைச்சி தின்னாதவர்களைப் பித்தாகோரஸ் கூட்டம் என்பார்களாம், கணக்கில் வருகிற அதே பித்தாகோரஸ். 'வீகன்' அதைவிடச் சின்னப் பிள்ளை, 1944. காந்தியைச் சொல்ல மறக்காதே. 1888இல் லண்டனுக்குப் படிக்கப் போய்ப் பசியோடு அலைந்து, ஃபேரிங்டன் தெருவில் ஒரு வெஜிடேரியன் ஹோட்டலைக் கண்டுபிடித்தாரே, அந்தக் கதை. அப்புறம் அங்கிருந்த வெஜிடேரியன் சங்கத்தின் கமிட்டியிலேயே சேர்ந்தார். கூட்டத்தில் பேச எழுதிக்கொண்டு போவார், வாய் வராது, வேறு யாராவது வாசிப்பார்கள். இங்கிலீஷில் எழுந்து பேசக் கூசுகிற பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நீயும் எட்டாம் வகுப்பு வரை அப்படித்தான் இருந்தாய். அப்புறம் டி.ஆர்.பி. ஆசிரியர் தேர்வில் முதல் தடவையே வந்துவிட்டாய். பெரியப்பா வீட்டில் இத்தனை பேர் எழுதி ஒருவர்கூட வரவில்லை. தெருவில் எல்லோரிடமும் நான்தான் சொன்னேன். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அப்பாவோடு இரண்டு நிமிஷம் பேச நேரமில்லை.

சரி, இலக்கணம். சிம்பிள் பிரசன்ட், கூடவே ஆல்வேஸ், யூஷுவலி, சம்டைம்ஸ், நெவர். ஒரு சப்ஸ்டிட்யூஷன் டேபிள் போட்டு விடு. ஆனால் 'ஐ' வேண்டாம். 'ராமு ஈட்ஸ்', 'சீதா ஈட்ஸ்' என்று கற்பனைப் பேராக வை. தேர்டு பெர்சன் 'எஸ்'ஸும் பழகும், யாரும் தன் வீட்டை வெளியே எடுத்து வைக்கவும் வேண்டியிருக்காது. மறுபடியும் சொல்கிறேன், என்ன சாப்பிட்டாய் என்று கேட்காதே.

முருங்கைக்காய் என்று எழுதியதிலிருந்து அன்றைய சொதிதான் மனசில் நிற்கிறது. கரிநாள் அன்று கூட வேலை பார்க்கிறவர் என்று சொல்லி அந்தத் தம்பியைக் கூட்டி வந்தாய். வழியில்தான் அவர் ஊர், சாப்பிட்டுவிட்டுப் போவார் என்றாய். அம்மா காலையிலேயே மூன்று தேங்காய் உடைத்துப் பால் எடுத்து, பாசிப்பருப்பு வேகவைத்து, இஞ்சித் துவையல் அரைத்துச் சொதி வைத்தாள். கூட வேலை பார்க்கிறவருக்குச் சொதி எதற்கு என்று நான் கேட்கவில்லை. நம் பக்கத்தில் சொதி மாப்பிள்ளைக்கு வைப்பது என்று அம்மாவுக்குத் தெரியாதா? நீ அவளிடம் என்ன சொல்லியிருந்தாய் என்றும் நான் கேட்கவில்லை, இன்றைக்கு வரைக்கும்.

சாப்பிடும்போது 'மட்டன் கதை'யை எடுத்தேன். நீ தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டாய். சின்னப் பிள்ளையிலிருந்து நூறு தடவை கேட்ட கதை, அலுப்பு என்று நினைத்தேன். நீ கேட்டதெல்லாம் நான் சிரிப்புக்காகச் சொன்ன பாதிதான், கோமு. மீதியை இப்போது எழுதுகிறேன். கேள்வி கேட்காதே என்று சொன்னதற்குக் காரணமும் அதுதான்.

1996. ஒன்பதாம் வகுப்பு, இதே மாதிரிப் பாடம். நார்மன்கள் 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த கதையைச் சொல்லி, போர்டில் இரண்டு பத்தி எழுதினேன். கௌ, ஷீப், பிக் ஒரு பக்கம். பீஃப், மட்டன், போர்க் இன்னொரு பக்கம். மேய்த்தவன் வாயில் இங்கிலீஷ் வார்த்தை, மேஜையில் உட்கார்ந்து தின்றவன் வாயில் பிரெஞ்சு வார்த்தை என்று கையை ஆட்டிச் சொன்னேன். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அது. அப்புறம் ஆளுக்கு ஒரு வாக்கியம் கேட்டேன். "ஐ ஈட் இட்லி" என்று ஒன்று போல வந்துகொண்டிருந்தது. ஜன்னலோர பெஞ்சில் கடைசிப் பையன் எழுந்தான். வருஷம் முழுக்க வாய் திறக்காதவன். "சார், ஐ சம்டைம்ஸ் ஈட் பீஃப்" என்றான்.

சம்டைம்ஸ் சரியான இடத்தில் இருந்தது. அன்றைக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தை, அன்றைக்கே வாக்கியத்தில் வந்துவிட்டது. அந்த வகுப்பில் அன்றைக்குப் பிழையில்லாமல் நான் கேட்ட ஒரே புது வாக்கியம் அதுதான். நான் என்ன சொன்னேன்? "மட்டன்னு மாத்திச் சொல்லு." வகுப்பு சிரித்தது. கதையை நான் வீட்டில் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவேன், நீங்களும் சிரிப்பீர்கள்.

அவன் உட்காரவில்லை. "மட்டன் நாங்க வாங்குறதில்ல சார்" என்றான், தமிழில். குரலில் ஒன்றும் இல்லை, தகவல் சொல்கிற மாதிரி. நான் டஸ்டரை மேஜையில் தட்டி, "க்ளாஸ்ல பேசுற பேச்சா இது, உக்காருடா" என்றேன். உட்கார்ந்தான். அப்புறம் என் பாடத்தில் அவன் எழுந்து நிற்கவே இல்லை, கேள்வி கேட்டாலும் நிற்கவில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் 31. மற்ற பாடம் எல்லாம் பாஸ்.

அந்தத் தம்பி அன்று கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "அந்தப் பையன் பேரு என்ன சார்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு ஞாபகம் வரவில்லை. அன்றிலிருந்து யோசிக்கிறேன். பெஞ்ச் ஞாபகம் இருக்கிறது, ஜன்னலில் ஒரு கம்பி இல்லாதது ஞாபகம் இருக்கிறது, மார்க் ஞாபகம் இருக்கிறது. பேர் வரவில்லை.

தட்டு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். நீ பார்த்தது எனக்குத் தெரியும்.

அவர் வந்து உட்கார்ந்ததும் ஊர் எது என்று கேட்டேன். சொன்னார். ஊரில் எந்தப் பக்கம் என்றேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் என்றார். கிழக்கேயா மேற்கேயா என்றேன். "காலனி சார்" என்றார். நான் எங்கே வந்து நிற்பேன் என்று முதல் கேள்வியிலேயே தெரிந்தவர் மாதிரி, கோபமே இல்லாமல். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். தயிர் வாங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். தயிர் வீட்டில் இருந்தது.

பாக்குமட்டைத் தட்டு தனியாக ஒன்று தரமாட்டார்கள், 25 ஒரு கட்டு. அவரையும் சேர்த்து நாம் நாலு பேர். நாலு பேருக்கும் அதையே போட்டிருக்கலாம். நான் ஒன்றைத்தான் உருவினேன். "விருந்தாளிக்குப் புதுசு" என்று வாய்விட்டு வேறு சொன்னேன். நமக்கு மூன்று எவர்சில்வர் தட்டு. அம்மா பார்த்தாள், பேசவில்லை. அவருக்கு மட்டும் சொதியை இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். அந்தத் தட்டில் சொதி நிற்குமா? ஓரத்துக்கு ஓடியது. அவர் சோற்றை விரலால் கரை மாதிரி ஒதுக்கி, ஒரு சொட்டு கீழே விழாமல் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுத் தட்டை அவரே மடித்து எடுத்துக்கொண்டு, எங்கே போடணும் என்று என்னைத்தான் கேட்டார்.

ஆச்சி அப்படி வளர்த்தாள் என்று எழுதி அடித்திருக்கிறேன், பார். ஆச்சி செத்து 19 வருஷம் ஆகிறது. கடைக்குப் போனது நான்.

மீதி 24 தட்டும் பரண்மேல் இருக்கின்றன. யாருக்காவது கொடுத்துத் தொலையுங்கள் என்று அம்மா சொல்கிறாள். கை போகவில்லை.

சித்திரை வருஷப்பிறப்புக்கு லீவு வருமே. திருநெல்வேலி பஸ்ஸில் இப்போதே போட்டால்தான் கிடைக்கும். எத்தனை டிக்கெட் போடுகிறாய் என்று மட்டும் முன்னாலேயே சொல். அம்மா தேங்காய் வாங்க வேண்டும். தட்டு எடுத்து வைப்பது அம்மா பொறுப்பு என்று அவளே சொல்லிவிட்டாள்.

ஓசூரில் ராத்திரி இன்னும் குளிருமாம், தலைக்குத் துண்டு கட்டிக்கொள். ஒழுங்காகச் சாப்பிடு.

அப்பா

பி.கு. ஆல்வேஸ், சம்டைம்ஸ் எல்லாம் மெயின் வெர்புக்கு முன்னால் வரும், 'இஸ்', 'ஆர்' வந்தால் அதற்குப் பின்னால். பிள்ளைகள் இதில்தான் சறுக்குவார்கள். உன்கூட வேலை பார்க்கிற தம்பியின் பேரை அன்று சரியாகக் காதில் வாங்கவில்லை. எழுது.