பங்கேற்பு என்றால் ஒரு கையெழுத்தா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

யானை வழித்தடங்களைக் காக்கத் தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்று மாநிலங்களும் சேர்ந்து திட்டமிட வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம். ஆனால் 'எல்லையோர மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை' என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டீர்களே, அதுதான் உறுத்துகிறது. பந்தலூர் பக்கம் விழிப்புணர்வு இல்லாதவன் இருட்டிய பிறகு வாசல் தாண்டி உயிரோடு திரும்ப மாட்டான். தங்களுக்குத் தெரியாததல்ல.

அரிசி ராஜா என்று பேர் வாங்கிய யானையை மறந்திருக்க மாட்டீர்கள். 2022 டிசம்பரில் எங்கள் பக்கம் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி, முதுமலைக் காட்டில் விட்டார்கள். ஜனவரியில் அது கேரளாவின் சுல்தான் பத்தேரி டவுனுக்குள் நடந்துகொண்டிருந்தது. அப்புறம் கேரளாக்காரர்கள் பிடித்தார்கள். இதில் விழிப்புணர்வு இல்லாதது யாருக்கு?

இந்த வழித்தடத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்கிறோம் என்று அதிகாரிகள் ஊட்டிக்குக் கூப்பிட்டார்கள். எருமாட்டிலிருந்து விடியுமுன் பஸ் ஏறிப் போனேன். திரையில் ஒரு வரைபடம், எழுத்தெல்லாம் ஆங்கிலம். என் தேயிலை இருக்கும் சரிவு வழித்தடத்துக்குள், அடர்பச்சையில் கிடந்தது. அது எந்த சர்வே எண் என்று கேட்டால், "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் ஒரு இளைஞர். பின்னாலிருந்த காட்டுநாயக்கர் பழங்குடிப் பெரியவரிடம் மைக் போய்ச் சேருவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. ஆளுக்கொரு லெமன் சாதப் பொட்டலம், பதிவேட்டில் ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்துதான் அறிக்கையில் 'உள்ளூர் மக்களின் பங்கேற்பு' ஆகியிருக்கும்.

1986இல் உயிர்க்கோளக் காப்பகம் என்றார்கள், 2007இல் புலிகள் காப்பகம் என்றார்கள். எதற்கும் எங்களைக் கேட்டதில்லை. ஜமீன் போன்ற பழைய ஜென்மி நில உரிமையை ஒழிக்கும் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969இல் வந்தது. கூடலூர், பந்தலூரில் இன்னும் பட்டாவுக்கு அலைகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் நிருபரைக் கேளுங்கள். காட்டைக் காக்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கே தந்திருக்கிறது. இங்கே கிராம சபையில் தெருவிளக்கைத் தாண்டிப் பேச்சு போவதில்லை. காட்டுக்குள்ளே உண்ணிச்செடி, மஞ்சக்கொன்னை என்ற அந்நியச் செடிகள் புல்லை முளைக்கவிடாமல் மூடிக் கிடக்கின்றன. அவற்றை நாங்களா கொண்டுவந்து நட்டோம்?

சரி, பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்த வரைபடத்தை சர்வே எண்களோடு தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்து, வி.ஏ.ஓ. ஆபீஸ் சுவரில் ஒட்டச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். அடுத்த கூட்டத்தை எங்கள் பக்கத்து அய்யன்கொல்லியில் வைக்கட்டும். மாலை பஸ்ஸுக்கு முன்னால் முடிக்கட்டும். சாதம் வேண்டாம், வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
எருமாடு, நீலகிரி மாவட்டம்