என் மகனுக்காகப் படித்தவர்களுக்கும் எழுதியவர்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் மகனுக்கு பி.ஏ. வரலாறு கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்தது. பாக்கி இருந்த 2 அரியரும் சேர்த்து எல்லாத் தாளிலும் பாஸ். ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு நன்றி சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். நாலாவது போனிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் இந்த மடல்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு டிஸ்லெக்சியா. சான்றிதழில் கற்றல் குறைபாடு என்று இருக்கும். காதால் கேட்டதை மறக்கமாட்டான், எழுத்துதான் அவனிடம் நிற்காது. நம் தமிழில் 'கெ' எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோம், வாயில் வருவதோ 'க்' முதலில். 'கொ' என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். நமக்கு இது உறைப்பதே இல்லை. ஐந்தாம் வகுப்பில் 'கொடி' என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு, எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தான். அன்று அவனை அடித்தேன். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

அது சோம்பேறித்தனம் இல்லை என்று எனக்குப் புரிய வைத்த சிறப்பாசிரியர் அக்காவுக்குத்தான் முதல் நன்றி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் இதுவும் ஒன்று, 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் இருந்தால் அரசுக் கல்லூரியிலும் உதவிபெறும் கல்லூரியிலும் 5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம் என்று சொன்னதும் அவர்தான். சட்டத்தில் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, என் ஃபைலில் முதல் தாளாக வைத்துக் கொடுத்தார்.

அந்த ஃபைலோடு நான் ஏறிய முதல் கல்லூரியில் "இவனை வைத்துக்கொண்டு நாங்கள் என்னம்மா செய்வது?" என்று கேட்டார்கள், அவன் பக்கத்தில் நிற்கும்போதே. சரி, அது போகட்டும். அவன் சேர்ந்த கல்லூரியில் துறைத் தலைவர் ஐயா ஃபைலைத் தொடவே இல்லை. "தம்பி, உனக்கு எந்த ராஜா கதை பிடிக்கும்?" என்று அவனைக் கேட்டார். அதுவரை எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். ஐயா, அந்த ஒரு கேள்விக்கே உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்து, பாடம் வாசித்துக் கொடுத்தவர்கள். பாதிப் புத்தகங்கள் ஸ்கேன் செய்த படங்களாக இருந்ததால் போன் அவற்றைச் சத்தமாக வாசித்துக் காட்டவில்லை. ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா ஒருவர் வாட்ஸ்அப்பில் பாடம் பாடமாகப் பேசி அனுப்பினார். பக்க எண் சொல்லி, பத்தி முடிந்தால் "முடிஞ்சுது கண்ணா" என்று சொல்லி வாசிப்பார். ஒரு பதிவில் குக்கர் விசில் கேட்கும். கலிங்கப் போர் என்றாலே அந்த விசில்தான் ஞாபகம் வருகிறது என்கிறான் இவன். அம்மா, உங்கள் குரல் எங்கள் வீட்டில் 3 வருடம் கேட்டது.

தேர்வில் அவன் வாயால் சொல்வதை எழுத வந்த பிள்ளைகள் 11 பேர். பட்டப்படிப்பு மாணவனுக்கு எழுதுபவர் அவனைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பதால் வந்தவர்கள் எல்லாருமே சின்னப் பிள்ளைகள். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் உண்டு. அப்படிப் பார்த்தால் 3 மணி நேரத் தாளுக்கு முழுதாக 4 மணி நேரம் கை வலிக்க எழுதினார்கள். முதல் செமஸ்டரில் எழுதிய பாப்பா, இவன் சொன்ன 'அப்புறம்', 'அதாவது' எல்லாவற்றையும் அப்படியே எழுதிவிட்டாள். மார்க் குறைந்தது. எனக்கு வருத்தம்தான். ஆனால் அவள் செய்ததுதான் முறை. அதற்குப் பிறகுதான் இவன் வாக்கியத்தை மனதிற்குள் முடித்துவிட்டுச் சொல்லப் பழகினான். இரவில் அவன் தங்கை எழுத, இவன் சொல்ல, "புதுப் பத்தி", "முற்றுப்புள்ளி" என்று வீடே ஒப்பித்தது. பாப்பா, நீ ஒரு வார்த்தைகூடத் திருத்தவில்லை. அதனால் அந்த மார்க் முழுக்க அவனுடையது.

இரண்டாம் வருடம் உத்திரமேரூர் கூட்டிப்போன பேராசிரியர் மேடம், உங்களை எப்படி மறப்பேன்! துணைக்கு நானும் வந்திருந்தேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. புள்ளியும் இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. வகுப்பே விரலை வைத்து எழுத்துக் கூட்டியது, தடுமாறியது. மகன் என் பக்கம் திரும்பி, "அம்மா, எனக்குப் புத்தகம் இப்படித்தான் இருக்கும்" என்றான். நீங்கள் அதைக் கேட்டுவிட்டீர்கள். குடவோலை முறையை அவனையே விளக்கச் சொன்னீர்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போடுவது, விவரம் அறியாத சிறுவனை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது, யாரெல்லாம் நிற்கக் கூடாது என்பது எல்லாம் நிறுத்தாமல் சொன்னான். கேட்டுப் படித்ததெல்லாம் அவனுக்குள் இருந்தது. நான் தூண் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

தேர்வுப் பிரிவு அலுவலக அண்ணனுக்கும் நன்றி. தனி அறையும் மின்விசிறியும் கேட்காமலே ஏற்பாடு செய்தீர்கள். தேர்வு நாளில் சீக்கிரமே வந்து காத்திருந்த ஆட்டோ தம்பிக்கும் நன்றி. அரியர் வந்தபோது நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னேன், "இன்னொரு தடவை எழுதட்டும்டி" என்று தடுத்தது என் மாமியார். அத்தை, நீங்கள் சொன்னதுதான் சரி.

பெயர் போடாமல் எழுதியிருக்கிறேன், யாராவது விட்டுப்போனால் மன்னியுங்கள். வருகிற ஞாயிறு மதியம் எல்லாரும் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். எழுதின பிள்ளைகள் 11 பேரும் கட்டாயம். யார் யார் எந்தத் தாள் எழுதினார்கள் என்று அவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, வந்தால் சொல்வான்.

அன்புடன்,
அவன் அம்மா