வட்டி என்று சொல்லாத வட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமத்துக் கடைகளுக்கும் க்யூஆர் அட்டை வந்துவிட்டதைப் பெருமையாக எழுதியிருந்தீர்கள். தொண்டிப் பக்கம் எங்கள் ஊரில் மீன்கார அம்மாவின் கூடையிலேயே அட்டை தொங்குகிறது. என் மளிகைக் கடையில் பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி நாள் முழுக்கக் கத்துகிறது. சரி, அதோடு கடனும் வந்ததே, அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பக்கத்துத் தையல்கடை பாய் வட்டிக்குப் பயந்து வங்கிப் படி ஏறாதவர். அவர் போனில் 'ரூ.50,000 தயார்' என்று கடன் செய்தி வந்தது. கடன் கம்பெனியிலிருந்து பேசிய பையன், "வட்டியெல்லாம் இல்லை பாய், சர்வீஸ் சார்ஜ்தான்" என்றானாம். தினம் 190 ரூபாய், 300 நாள். பெருநாளைக்குத் துணி எடுக்க வாங்கிவிட்டார். சிட்டைத் தாளின் பின்பக்கம் பெருக்கிக் காட்டினேன்: 57,000. அசல் தினமும் குறைகிறதே, அதையும் சேர்த்துப் பார்த்தால் வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல். வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

இப்படிப்பட்ட கடனில் வருட வட்டி விகிதத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. அவருக்கும் காட்டியிருப்பார்கள், ஆங்கிலத்தில். ஓகே அழுத்திவிட்டார்.

வட்டியில்லா வங்கிச் சேவைக்கு, நிதித்துறைச் சீர்திருத்தத்துக்கான ரகுராம் ராஜன் குழு 2008-ல் பரிந்துரைத்தது. 2017-ல் ரிசர்வ் வங்கி வேண்டாமென்று விட்டுவிட்டது. அதற்காகக் காத்திருக்க முடியாது. எங்கள் ஜமாஅத்தின் பொதுநிதியான பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் உண்டு, ஆனால் நகை கேட்பார்கள். பாயிடம் ஏது நகை? ஆறு மாத வரவு அவர் போனிலேயே இருக்கிறது, அதைப் பார்த்துக் கொடுக்கலாமே. இல்லையென்றால் துணியை ஜமாஅத்தே வாங்கி, லாபம் இவ்வளவு என்று சொல்லித் தவணைக்கு விற்கலாம். முராபஹா என்பது அதுதான். தவணை தள்ளிப்போனாலும் பேசிய விலை ஏறாது.

வட்டி ஹராம் என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் (சொற்பொழிவில்) கேட்காதவர் யாருமில்லை. எது வட்டி என்று கணக்குப் போடத்தான் தெரியவில்லை. அதைச் சொல்லித்தர முடியுமா என்று பள்ளிவாசல் கமிட்டியில் கேட்டேன், "பள்ளிவாசலில் கணக்கு வகுப்பா?" என்று சிரித்தார்கள். கடனை எழுதி வைக்கச் சொல்லும் 2:282-தான் குர்ஆனிலேயே நீளமான வசனம் என்றேன். தொழுகை நடத்தும் ஹஸ்ரத் மட்டும் தலையாட்டினார்.

உங்கள் ரமலான் மலரில் அந்தப் பெருக்கல் கணக்கைப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். பள்ளிவாசல் பலகையில் நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரர்,
இராமநாதபுரம் மாவட்டம்