செயலாளர் ஆண்டறிக்கை: பொன்மலை வட்டார வரலாற்று ஆர்வலர் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செப்டம்பர் 5 அன்று வழக்கம்போல் அஞ்சலி செலுத்தினோம். 1946-இல் அதே நாளில், ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, மலபார் சிறப்புப் போலீசார் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இந்த மண்ணில் உயிரிழந்தார்கள். அன்று இளைஞர்கள் திரளாக வந்திருந்தது எனக்குப் பெரிய நிறைவு.

இந்த ஆண்டின் முதன்மைப் பணி, ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது. 1928-இல் தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே, திருச்சி பொன்மலைக்கு வந்தது. பணிமனைகளை ஒரே இடத்தில் சேர்த்தபோது நடந்த ஆட்குறைப்பை எதிர்த்து, அதே ஆண்டில் பொதுவுடைமைத் தலைவர் சிங்காரவேலர் உள்ளிட்டோர் தலைமையில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. நம் ஊர் பிறந்ததே அந்தப் போராட்டத்தின் நடுவில்தான். தன் தந்தை நாகையிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்ததை ஒரு பெரியவர் சொன்னார். இந்தப் பெரியவர் பிறந்தது ரயில்வே காலனி வீட்டில். பள்ளி, மருத்துவமனை, விளையாட்டுத் திடல் எல்லாம் ரயில்வே கொடுத்தவை. காலையில் சங்கு ஊதினால்தான் வீட்டில் அடுப்பு பற்றும். பிறகு இவரும் அதே பணிமனையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். ஓய்வுபெற்ற அன்றே வீட்டைக் காலி செய்யும் கவலையும் தொடங்கிவிட்டது. “பிறந்த வீட்டு வாசலில் இன்று வேறு யாரோ கோலம் போடுகிறார்கள்” என்றபோது அவர் குரல் உடைந்தது.

இதை உறுப்பினர்கள் ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். காலனியில் எவருக்கும் பிறந்த வீடு சொந்தமில்லை. ஓய்வுபெற்றவர்கள் கல்கண்டார்கோட்டை, கொட்டப்பட்டு என்று சுற்றுப்புறங்களில் மனை வாங்கிக் குடியேறினார்கள்; பிள்ளைகளோடு வெளியூர் போனவர்களும் உண்டு. அவர்களோடு ஊரின் நினைவும் போய்க்கொண்டிருக்கிறது. நீலகிரி மலை ரயிலுக்கான எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களைப் புதிதாகக் கட்டிய கைகள் இந்த ஊருடையவை. நீராவிக் காலத்து வேலை நுணுக்கத்தை அறிந்தவர்களை இன்றே கேட்காவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது.

ஒரு குறையையும் பதிவு செய்கிறேன். பணிமனை வருமுன் இங்கே பயிர் செய்தும் ஆடு மேய்த்தும் வாழ்ந்தவர்களின் சந்ததியினரை நாம் இதுவரை தேடிப் போகவில்லை. பொன்மலைப்பட்டி என்ற பேரில் இன்னும் அந்தப் பழைய பட்டி இருக்கிறது. அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். இந்தத் தவறுக்கு நானே பொறுப்பு.

ஆகவே வரும் ஞாயிறு, சந்தை கலைந்தபின், பொன்மலைப்பட்டியில் முதல் பதிவு. ஒலிப்பதிவுக் கருவி என்னிடம் இருக்கிறது. கேள்விகளை எழுதிக்கொள்ள இருவர் வேண்டும். பணிமனை வருகைப் பதிவுக்கான பழைய பித்தளை டோக்கன், சம்பளச் சீட்டு, காலனிப் புகைப்படம் எது வீட்டில் இருந்தாலும் அன்று எடுத்து வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தந்துவிடுவோம்.

இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்