தொண்டு அமைப்பின் கணக்கை வெளியாள் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நன்கொடையில் நடக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் சில ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். பதிவு பெற்ற சங்கங்களும் அறக்கட்டளைகளும், நிர்வாகிகளோடு உறவோ தொழில் தொடர்போ இல்லாத ஒரு பட்டயக் கணக்காளரை உரிய கட்டணம் கொடுத்துத் தணிக்கைக்கு அமர்த்த வேண்டும். உறுப்பினர்கள் உள்ள சங்கமாக இருந்தால் அந்த நியமனம் பொதுக்குழுவின் தீர்மானத்தோடு நடக்க வேண்டும்.

நான் பொறுப்பேற்றபோது எங்கள் கணக்கைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்தவர், நிர்வாகி ஒருவரின் நெருங்கிய உறவினர். ‘தொண்டுக்கு என் பங்கு’ என்று சொல்லி ஒரு ரூபாய்கூட வாங்க மாட்டார். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் அவர் இல்லத்துக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. செப்டம்பர் கடைசி வாரத்தில் நாங்கள் தட்டச்சு செய்து கொண்டுபோகும் வரவு செலவுக் கணக்கில் கையெழுத்திட்டு முத்திரை வைத்துக் கொடுத்துவிடுவார். வவுச்சர்களோ ஒரு செருப்புப் பெட்டிக்குள் ரப்பர் பேண்டு போட்டபடி எங்கள் அலமாரியிலேயே கிடக்கும். காசு வாங்காமல் செய்து தருகிறவரிடம், நேரில் வந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள் என்று கேட்க எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

வெளியிலிருந்து ஒருவரை அமர்த்தலாம் என்று நான் சொன்னபோது, முதியோர் சோற்றுக்காகக் கொடுத்த பணத்தை ஆடிட்டருக்குக் கொடுப்பதா என்று பொதுக்குழுவில் எதிர்ப்பு எழுந்தது. மனசாட்சியோடு கேட்கப்பட்ட கேள்விதான் அது. இருந்தாலும், அந்தச் சோற்றுப் பணம் முழுவதும் சோற்றுக்குத்தான் போகிறதா என்று பார்ப்பதற்கு ஆகும் செலவை வீண்செலவு என்று நான் கருதவில்லை. நீண்ட பேச்சுக்குப் பிறகு தீர்மானம் நிறைவேறியது.

புதிய தணிக்கையாளர் வந்ததும் ரொக்கப் புத்தகத்தைப் பிரிப்பதற்கு முன்பே, ரசீதுப் புத்தகங்கள் அடித்துத் தந்த அச்சகத்தின் பில்லைக் கேட்டார். அதன்படி வாங்கியவை 40 புத்தகங்கள். எழுதி முடித்த அடிக்கட்டைகளையும் எழுதாத புத்தகங்களையும் மேசையில் வரிசையாக அடுக்கி எண்ணியபோது 38தான் இருந்தன. ஒன்று, வசூலுக்குச் சென்றிருந்த ஒரு பழைய உறுப்பினர் வீட்டில் பாதி எழுதியபடி கிடைத்தது. அந்தத் தொகையை அவர் பிறகு கட்டிவிட்டார். மற்றொன்று இன்றுவரை கிடைக்கவில்லை. அடுத்து, பிறந்தநாளுக்கும் திதிக்கும் அன்பர்கள் தரும் அரிசி, மளிகை, மருந்துக்கு இருப்புப் பதிவேடு எங்கே என்று கேட்டார். பணமாக வராததை நாங்கள் எழுதிவைத்ததே இல்லை.

தணிக்கையாளருக்கோ அவருடைய உறவினருக்கோ கணிசமான உரிமையோ பங்கோ உள்ள நிறுவனத்தின் கணக்குக்கு அவர் சான்றளிப்பதை 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டமும் அதன்கீழ் வகுக்கப்பட்ட நெறிமுறைகளும் தொழில்முறைத் தவறாகக் கருதுகின்றன. ஆனால் ஊர்ப்புறச் சங்கங்களில் உள்ள உறவும் நட்பும் பெரும்பாலும் இந்த வரையறைக்குள் வருவதில்லை. வரிவிலக்குப் பெற்ற அமைப்பின் வருமானம், விலக்கைக் கழிப்பதற்கு முன், வரி விதிக்கப்படாத வரம்பைத் தாண்டினால் வருமான வரிச் சட்டப்படி தணிக்கை கட்டாயம் என்பதும் உண்மைதான். அந்த அறிக்கையில் கையெழுத்திடுபவர் செருப்புப் பெட்டியைத் திறந்தாரா என்பதை நாம்தான் கவனிக்க வேண்டும்.

நன்கொடையாளர்களில் பலர், 80ஜி பதிவு இருந்தாலே கணக்கு சரியாக இருக்கும் என்று நம்புகிறார்கள். அது கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கும் என்பதற்கான பதிவு. ஒவ்வோர் ஆண்டுக் கணக்குக்குமான நற்சான்று ஆகாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை இல்லை என்பதால் பெரிய தொகைகள் இப்போது பெரும்பாலும் வங்கி வழியே வருகின்றன, அவற்றுக்குத் தடயமும் இருக்கிறது. நூறும் ஐந்நூறுமாக வீடுவீடாக வசூலாகும் ரொக்கத்துக்கு ரசீது அடிக்கட்டையை விட்டால் வேறு சாட்சியே இல்லை. எளியவர்கள் தரும் பணமும் அதுதான்.

ஆகவே, பணம் கொடுப்பவர்கள் தணிக்கை அறிக்கையின் நகலைத் தயங்காமல் கேட்க வேண்டும். 2019 ஜூலை முதல் அத்தகைய அறிக்கை ஒவ்வொன்றிலும் யூடிஐஎன் எனப்படும் 18 இலக்க அடையாள எண் இருக்க வேண்டும். பட்டயக் கணக்காளர் கழகத்தின் இணையதளத்தில் அதை யாரும் சரிபார்க்கலாம். சங்க உறுப்பினர்கள், தணிக்கையாளர் நியமனம் பொதுக்குழுவின் பொருள்நிரலில் தனியாக இடம்பெற வேண்டும் என்றும், அவர் எழுதும் குறைகள் கூட்டத்தில் முழுமையாக வாசிக்கப்பட வேண்டும் என்றும் வற்புறுத்த வேண்டும்.

காணாமல்போன ரசீதுப் புத்தகத்தைப் பற்றி எங்கள் தணிக்கையாளர் எழுதிய பத்தியை, சிலர் வேண்டாமென்று தடுத்தும், நானே பொதுக்குழுவில் எழுந்து வாசித்தேன். அன்று அங்கிருந்த நன்கொடையாளர்களில் எவரும் அதன் பிறகு கொடுப்பதை நிறுத்திவிடவில்லை.

இப்படிக்கு,
முன்னாள் பொருளாளர் ஒருவர்,
கும்பகோணம்.