ஹோகனுக்கு ஒரு பிக்கார்ட் இருந்தார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் டைகர் வூட்ஸைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முதுகில் நாலு சத்திரசிகிச்சை, 2019இல் மறுபடியும் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியின் பட்டம், 2021இல் கார் விபத்து, அடுத்த வருஷமே காலை இழுத்துக்கொண்டு அதே மாஸ்டர்ஸுக்கு வந்து நின்றது என்று எல்லாம் இருந்தது. நல்லாத்தான் எழுதியிருக்கிறார். ஒரே ஒரு குறை. கோல்ப் உலகில் இப்படி விழுந்து எழும்பியவர் இவர் ஒருவர்தான் என்பதுபோல் கட்டுரை முடிந்துவிட்டது. பழைய அமெரிக்க வீரர் பென் ஹோகனை விட்டுவிட்டு இந்தப் பேச்சை எப்படிப் பேசுவது? அதுவும் மலையகத்துப் பிள்ளைகள் படிக்கிற பத்திரிகையில்?

மலையகத்தை ஏன் இழுக்கிறேன் என்றால், ஹோகன் சின்ன வயதில் கோல்ப் பை தூக்கியவர். நானும் அந்தக் கெடி வேலை பார்த்தவன். 1889இல் தொடங்கிய நுவரெலியா கோல்ப் திடல் எங்கள் டவுனுக்கு நடுவிலேயே கிடக்கிறது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பையன்கள் பை தூக்கப் போவோம். ஏப்ரல் சீசனில் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினால் கையில் நாலு காசு புழங்கும். அப்புறம் தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான், லயத்துக் காம்பராவில் குந்திக்கொண்டு தேத்தண்ணி குடிக்க வேண்டியதுதான். பின்னாளில் நான் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றேன். ஹோகனின் பெயரை எனக்கு முதலில் சொன்னவர், நான் பை தூக்கிய ஒரு வெள்ளைக்காரக் கிழவர். என் உயரத்தைப் பார்த்துவிட்டு, ஹோகனும் குட்டைதான் என்றார். விவரமெல்லாம் பிறகு பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளிலும், இப்போது பேரனின் போனிலும் தேடிப் படித்தது.

ஹோகன் 1912இல் டெக்சாஸில் பிறந்தார். அப்பா கொல்லர். பையனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, 1922இல், அந்த அப்பா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அம்மா தையல் வேலைக்குப் போனார். பையன் போர்ட் வேர்த் ரயில் நிலையத்தில் பத்திரிகை விற்றான். கோல்ப் பை தூக்கினால் ஒரு சுற்றுக்கு 65 சதம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, கிளென் கார்டன் என்ற கிளப்புக்கு மைல் கணக்கில் நடந்து போனான். அங்கே பழைய கெடிகள் புதுப் பையன்களை லேசில் உள்ளே விட மாட்டார்கள். சண்டை போட்டு, அடிபட்டுத்தான் இடம் பிடிக்க வேண்டும். இது எல்லா ஊருக் கெடிகளுக்கும் பொது போலிருக்கிறது.

அதே கிளப்பில் அதே வயதில் இன்னொரு கெடிப் பையன் இருந்தான். பைரன் நெல்சன். 1927 நத்தார் சமயம் கெடிகளுக்கென்று நடந்த போட்டியில் இருவரும் சமமாக வர, மேலதிக ஆட்டத்தில் ஒரே ஒரு அடியில் நெல்சன் ஜெயித்தான். அந்த ஒரு அடி அப்படியே பத்து வருஷம் நீண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1937இல் நெல்சன் மாஸ்டர்ஸ் சாம்பியன். ஹோகனிடம் அப்போது ஒரு கோப்பையும் இல்லை.

பதினேழு வயதில், 1930இல், தொழில்முறை ஆட்டத்துக்குப் போனவர் ஹோகன். அமெரிக்காவே பட்டினி கிடந்த காலம். போட்டிக்குப் போவார், காசு தீர்ந்துவிடும், ஊருக்குத் திரும்பி எண்ணெய் வயலிலும் கராஜிலும் கிடைத்த வேலையைச் செய்வார், கொஞ்சம் சேர்த்துக்கொண்டு மறுபடி போவார். மறுபடியும் காசு தீரும். 1935இல் வேலரி என்ற பெண்ணைக் கல்யாணம் கட்டினார். அந்தம்மாவும் பழைய காரில் கூடவே அலைந்தார்.

அடிக்கும் திறமை இல்லையா என்றால், இருந்தது. ஆனால் பெரிய ஒரு வியாதியும் இருந்தது. பந்து நேராகக் கிளம்பி, கடைசி நேரத்தில் இடப்பக்கமாகச் சுருண்டுகொண்டு ஓடும். ஹூக் என்பார்கள். பை தூக்கியவனுக்கு இதன் அருமை தெரியும். அப்படி வளைந்து விழுகிற பந்து விழுந்த இடத்தில் நிற்காது, உருண்டு உருண்டு புதருக்குள்தான் போய் அடங்கும். தேடிப் பிடிக்கிறவன் நாங்கள். ஹோகன் நாள் முழுக்க, கை தோல் உரியும்வரை பயிற்சி அடிப்பார். அந்தக் காலத்து வீரர்கள் அவ்வளவு பயிற்சி எடுப்பதில்லை, ஏதோ பைத்தியம் என்று பார்த்தார்கள். அவர் அடித்து அடித்து மெருகேற்றியது அந்த ஹூக்கையும் சேர்த்துத்தான். கோலைப் பிடிக்கும் பிடியை மாற்றிய பிறகுதான் பந்து வலப்பக்கம் மெதுவாக விழப் பழகியது.

1938இல் கலிபோர்னியாவில் ஓக்லாண்ட் போட்டி. புருஷன் பெண்சாதி கையில் கடைசிக் காசு. காலையில் திடலுக்குக் கிளம்ப வந்து பார்த்தால், காரின் சக்கரங்களை யாரோ இரவோடிரவாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். கார் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வேறொருவர் வண்டியில் தொற்றிக்கொண்டு போய் விளையாடி, அன்று கிடைத்த பரிசுப் பணத்தில்தான் அடுத்த ஊருக்குப் போனார்கள். தனி ஆளாக முதல் கோப்பையை அவர் தூக்கியது 1940இல், பைன்ஹர்ஸ்டில். தொழில்முறைக்கு வந்து பத்தாவது வருஷம்! அதற்குப் பிறகு என்ன, அடுத்தடுத்து இரண்டு போட்டிகளையும் அள்ளினார். அந்த வருஷமும் அடுத்த இரண்டு வருஷமும் பரிசுப் பணத்தில் அமெரிக்காவிலேயே முதலாவது ஆள் அவர்தான்.

விபத்துக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1949 பெப்ரவரி 2ஆம் திகதி காலை, டெக்சாஸில் ஒரு சின்னப் பாலம், பனிமூட்டம். எதிரே லொறியை முந்த வெளியே எடுத்த பஸ் நேராக ஹோகனின் கார்மேல் வந்தது. நானுஓயாப் பக்கமோ றம்பொடைப் பக்கமோ பனி இறங்கிய நேரத்தில் பஸ்ஸில் போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மனுஷன் பக்கத்து ஆசனத்தில் இருந்த பெண்சாதிமேல் பாய்ந்து மூடிக்கொண்டார். அப்படிப் பாய்ந்ததால்தான் அவரும் பிழைத்தார், ஸ்டியரிங் தண்டு ஓட்டுநர் ஆசனத்தைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. இடுப்பெலும்பு, காறை எலும்பு, இடது கணுக்கால், எல்லாம் முறிவு. ஆஸ்பத்திரியில் இரத்தக் கட்டிகள் ஏறி உயிருக்கே ஆபத்தாக, வயிற்றுக்குள் ஓடும் பெரிய நாளத்தையே கட்டிவிட்டார்கள். அதனால் கால்களுக்கு இரத்த ஓட்டம் சரியாக இல்லை, ஆயுள் முழுக்க வீக்கமும் வலியும்.

பதினாறு மாதம் கழித்து, 1950 ஜூனில், பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் மெரியன் திடலில் அமெரிக்க ஓபன். அந்தக் காலத்தில் கடைசி நாளில் 36 குழி விளையாட வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு ஒரே நாளில் இரண்டு சுற்று நடந்த எனக்கு, முறியாத காலே அன்றிரவு தூங்க விடவில்லை. இவர் கணுக்காலிலிருந்து தொடைவரை பட்டி சுற்றிக்கொண்டு நடந்தார். பிற்பகலில் கால் மடங்கி விழப் பார்த்தார். கடைசிக் குழிக்கு ஒன்றாம் நம்பர் இரும்புக் கோலால் அடித்த அடியின் படம் இன்றைக்கும் பிரபலம். சமநிலையில் முடிந்து, மறுநாள் இன்னொரு 18 குழி. ஹோகன் 69 அடி, கூடச் சமநிலையில் நின்ற மாங்ரம் 73, பாசியோ 75. குறைந்த அடிக்காரருக்குத்தான் வெற்றி. ஹோகனுடைய ஒன்பது மேஜர் பட்டங்களில், அதாவது ஆகப் பெரிய போட்டிகளின் பட்டங்களில், ஆறு விபத்துக்குப் பிறகு வந்தவை. 1953இல் மட்டும் மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓபன், பிரிட்டிஷ் ஓபன் என்று மூன்று.

அதோடு எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். 1955இல் ஐந்தாவது அமெரிக்க ஓபன் கையில் என்று ஊரே வாழ்த்திக்கொண்டிருந்தபோது, ஜாக் பிளெக் என்ற பெயர் தெரியாத ஆள் வந்து சமன் செய்து, மறுநாள் தோற்கடித்தார். பிளெக் விளையாடியது ஹோகனின் சொந்தக் கம்பனி செய்த கோல்களால்! கடைசி வருஷங்களில் சின்னப் பிள்ளை தள்ளுகிற தூரத்துப் பந்தின் முன்னால்கூட உறைந்துபோய் நிற்பார், கை அசையாது. அதை அவர் கடைசிவரை வெல்லவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். மெரியன் நாளில் ஹோகனை ஆயிரக்கணக்கானவர்கள் சூழ்ந்து நடந்தார்கள். விபத்து நடந்தபோது நாடே கடிதம் எழுதியது. அந்தக் கஷ்டத்துக்குச் சாட்சி இருந்தது. 1930க்கும் 1940க்கும் நடுவில் அவர் பட்டதற்குச் சாட்சி வேலரி மட்டும்தான். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய கஷ்டம். ஒரு ஆள் சாம்பியனான பிறகு விழுந்தால் பத்திரிகைகாரர் வருகிறார்கள். சாம்பியனாகும் முன்னமே விழுந்து கிடப்பவனை யார் வந்து பார்க்கிறார்கள்?

ஒருவர் பார்த்தார். ஹென்றி பிக்கார்ட். அவரும் அப்போதைய முன்னணி வீரர், பின்னால் 1938 மாஸ்டர்ஸை ஜெயித்தவர். போர்ட் வேர்த்தில் ஒரு ஹோட்டலில் ஹோகனும் வேலரியும் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். இருக்கிற காசு இரண்டு பேருக்குக் காணாது, அடுத்த தொடர் போட்டிகளுக்கு அவர் மட்டும் போவதா, அல்லது எல்லாவற்றையும் விட்டுவிடுவதா என்பதுதான் பிரச்சினை. பிக்கார்ட் விஷயத்தைக் கேட்டு, இரண்டு பேரும் போங்கள், காசு முடிந்தால் என்னிடம் வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வேடிக்கை என்னவென்றால், ஹோகன் கடைசிவரை அந்த ஆளிடம் ஒரு சதம்கூட வாங்கவில்லை. வாங்கத் தேவை வரவில்லை. ஆனால் கேட்டால் கிடைக்கும் என்ற தைரியத்தில்தான் விளையாடினேன் என்று பின்னாளில் அவரே எழுதி, தன் முதல் புத்தகத்தை பிக்கார்டுக்குச் சமர்ப்பித்தார். போட்டியாளன் போட்டியாளனுக்குச் செய்தது இது. பிக்கார்ட் ஹோகனின் பிடியைத் திருத்தவும் உதவினார், தான் வேலை பார்த்த ஹெர்ஷி என்ற கோல்ப் கிளப்பை விட்டுப் போகும்போது தன் வேலைக்கு ஹோகனைச் சிபாரிசும் செய்தார்.

எங்கள் லயத்தில் ஒரு பையன் இருந்தான். கொய்யாக் கொம்பை வளைத்துக் கோலாக்கி, திடலுக்கு வெளியே பொறுக்கிய பந்துகளை அடித்துப் பழகியவன். மலைக்காற்று மெல்லியது, பந்து இங்கே கொஞ்சம் கூடுதலாகவே பறக்கும். அந்தக் கணக்கையெல்லாம் யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டான். பிறகு கையில் உண்மையான கோல் கிடைத்தபோது, பெரியவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். சாதாரண தரம் எழுதிய கையோடு கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். வீட்டில் தாய் மட்டும், கொழுந்து எடுக்கிறவர். தோட்டத்தில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கே எத்தனை வருஷம் கத்த வேண்டியிருந்தது என்பது உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வீட்டிலிருந்து ஒருவன் பத்து வருஷம் தோற்றுக்கொண்டிருக்க முடியுமா? ஒரு வருஷம் முடியுமா? அவனிடம் ஹூக்கும் இல்லை, சோம்பலும் இல்லை. பஸ் காசும், போட்டிக்குப் போன நாட்களில் இழக்கிற கூலிக்கு ஈடும்தான் இல்லாமல் போனது.

இலங்கைக் கோல்ப்புக்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2002இல் பூசான் ஆசிய விளையாட்டில் அனுர ரோஹன வெள்ளி எடுத்தார். மித்துன் பெரேரா, தங்கராஜா, பிரபாகரன் என்று நம்மவர்கள் இந்தியத் தொழில்முறைப் போட்டிகளில் பெயர் எடுத்திருக்கிறார்கள். தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன, கவனித்தீர்களா? அவர்களைப் பற்றி உங்கள் பக்கத்தில் எவ்வளவு வந்திருக்கிறது? ஐபிஎல் வீரர் எந்தச் சலூனில் முடி வெட்டினார் என்பதற்கு அரைப் பக்கம் போகிறது.

தோட்டங்களில் பொங்கலுக்கும் சித்திரை வருஷப் பிறப்புக்கும் மென்பந்துப் போட்டி நடத்தி, ஆளுயரக் கோப்பை வாங்கிக் கொடுக்கிறார்கள். மரக்கறி வியாபாரிகள், கடை முதலாளிமார், சங்கத் தலைவர்கள் எல்லோரும் காசு போடுகிறார்கள். போடட்டும், நானும் போய்ப் பார்க்கிறவன்தான். ஆனால் அந்தக் காசில் ஒரு பங்கை ஒரே ஒரு பிள்ளைக்கு மூன்று வருஷம் வைத்துப் பார்க்கலாம். கோல்ப் என்றில்லை, ஓடுகிற பிள்ளையாக இருந்தாலும் சரி, கரப்பந்து விளையாடுகிற பெண்பிள்ளையாக இருந்தாலும் சரி. மேடை, மாலை, போட்டோ எல்லாம் வேண்டாம். தோற்றுவிட்டு வந்தாலும் அடுத்த மாதமும் பஸ் காசு உண்டு என்று வீட்டுக்கு வந்து தாயிடம் சொன்னால் போதும். பிள்ளையிடம் சொல்வதைவிடத் தாயிடம் சொல்வது முக்கியம். கொழும்புக்கு அனுப்புகிற முடிவை எடுப்பது அவர்தானே.

உங்களிடம் நான் கேட்பது சின்ன உதவி. ஜெயித்தவர்களைப் பற்றி எழுதும்போது, ஜெயிக்காத வருஷங்களில் அவர்களுக்குச் சோறு போட்டது யார் என்பதையும் நிருபரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். தங்கராஜாவிடமும் பிரபாகரனிடமும் இதே கேள்வியோடு ஒருவரை அனுப்புங்கள். நுவரெலியாப் பக்கம் நிருபர் வருவதானால் சீசன் நெரிசலில் வர வேண்டாம், பெப்ரவரியில் வரட்டும். பெயரைச் சொல்லக்கூடிய பையன்கள் இப்போதும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பழைய கெடி ஒருவர்,
நுவரெலியா